இரண்டு மாத்திரை கூடிப்போன கோர்வை

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. 2004-இலிருந்து 2011 வரை, கச்சேரி முடிந்த ராத்திரிகளில் லாட்ஜிலோ கல்யாண மண்டபத்து மாடியிலோ உட்கார்ந்து நான் எழுதிய தவில் கோர்வைகள் அதில் இருக்கின்றன. எல்லாம் குடித்துவிட்டு எழுதியவை. குடித்தால்தான் புதுக் கணக்கு தோன்றும் என்று அந்த ஏழு வருஷமும் மனதார நம்பினேன். குடியை விட்ட பிறகு, ஒருநாள் காலையில் பல் துலக்கிக் காபி குடித்துவிட்டு, அந்த நோட்டை மடியில் வைத்துக் கையால் தாளம் போட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மொத்தம் 31 கோர்வை. சரியாக வந்து சேர்ந்தவை 9. அந்த ஒன்பதிலும் ஏழு, என் வாத்தியார் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த பாடங்கள்தாம். ஒரு தவில் சொல்லை இங்கே மாற்றி, ஒரு கார்வையை, அதாவது இடைவெளியை, அங்கே நகர்த்தி, என்னுடையது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

லயம் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, எட்டு அட்சரம், எட்டு எண்ணிக்கை. அட்சரத்துக்கு மாத்திரை என்ற சிறு கால அளவு நான்கு என்று எடுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32, இரண்டுக்கு 64. கோர்வை என்பது இந்த 64-க்குள் சொற்களையும் இடைவெளிகளையும் அடுக்கி, அவை முடிந்ததும் அடுத்த தட்டு மிகச்சரியாகச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், வந்து விழும்படி கட்டுவது. நோட்டில் நான் நட்சத்திரம் போட்டு வைத்திருந்த ஒன்று: 12 மாத்திரை, 10, 8 என்று குறைந்துகொண்டே வரும், நடுநடுவே 2 மாத்திரை கார்வை. அப்புறம் 'தா தி கி ண தொம்' என்பதைப் பத்துப் பத்து மாத்திரையாக மூன்று தடவை. கூட்டிப் பாருங்கள்: 12, 2, 10, 2, 8 சேர்ந்தால் 34, கடைசிப் பகுதி 30, மொத்தம் 64. அழகான அமைப்பு. ஆனால் நான் எட்டுக்குப் பின்னாலும் ஒரு கார்வை போட்டிருந்தேன். 66 ஆகிவிட்டது. அதன் கீழே இரண்டு கோடு இழுத்து 'அருமை' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. தவில் படிக்கும் பத்து வயதுப் பையன் பிடித்துவிடக்கூடிய தப்பு இது. அன்றைக்கு அது என் காதில் விழவே இல்லை.

இப்போது என்னிடம் பாடம் கேட்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் நான் குடித்த அதே காரணத்துக்காகக் குடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர்களை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். ஒன்பது வயதில் வாத்தியார் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பத்து வருஷம் அங்கேயே தங்கிப் பாடம். பத்தொன்பது வயதில் மன்னார்குடி பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு ஜோடித் தவிலாகப் போனேன். எனக்கு எதிரே வாசித்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், பெரிய கை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் இறங்கினோம். சுவாமி புறப்பாடு ராத்திரி பதினொன்றுக்கு. அந்த ஐந்து மணி நேரமும் வயிற்றில் பயம். எங்கள் செட்டில் ஒருத்தர் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, "குடிடா தம்பி, கை கலகலன்னு ஆயிடும்" என்றார். குடித்தேன். பயம் போனது. அன்றைக்கு நன்றாகத்தான் வாசித்தேன். இதை மறைத்து எழுதினால் மற்றதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த முதல் ராத்திரி நன்றாக இருந்ததால்தான் அடுத்த 18 வருஷம் போனது.

அந்த டம்ளர் எனக்கு என்ன கொடுத்தது என்று பிற்பாடு ரொம்ப யோசித்திருக்கிறேன். சங்கீதம் பத்து வருஷமாக விரலில் ஏறியிருந்தது. பயம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. சாராயம் அந்தப் பயத்தை எழுப்பி அனுப்பியது, அவ்வளவுதான். ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? வாசித்ததே அந்த டம்ளர்தான் என்று தோன்றியது.

எங்கள் தொழிலில் குடி வந்து ஒட்டிக்கொள்ளக் காரணங்கள் பல. வேலை ராத்திரியில். தோளில் தவிலை மாட்டிக்கொண்டு நாலு வீதி நடந்து, விடியற்காலை நாலு மணிக்குச் சுவாமி உள்ளே போன பிறகுதான் இறக்கி வைப்போம். தோள் கன்றிப்போயிருக்கும். தட்டுவதற்காகக் கூடு என்ற கவசம் போட்ட விரல்களின் முட்டியில் எரிச்சல். மேளக்காரனுக்குச் சாப்பாடு பல இடங்களில் கடைசிப் பந்தி. சில ஊர்களில் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இலை போட்டுவிட்டு அழைப்பார்கள். பசி, தூக்கம், வலி, காத்திருப்பு, அவமானம், இத்தனைக்கும் சேர்த்து ஒரே மருந்து என்று கையில் கொடுக்கப்படுவது ஒரு பாட்டில். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் செலவில் வாங்கிவந்து, "கலைஞர்களுக்கு நம்ம மரியாதை" என்று நீட்டும்போது அதை வேண்டாம் என்பது அவரை அவமதிப்பதுபோல ஆகிவிடும். உட்கார ஒரு நாற்காலி தராதவர்கள் பாட்டில் தருவார்கள். வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

வாசிப்பு கெட்டது ஒரே நாளில் இல்லை. முதலில் காலம் ஓட ஆரம்பித்தது. கீர்த்தனை எடுத்த வேகம் ஒன்று, முடியும்போது வேறு ஒன்று. அடுத்து கண்ட நடை (ஐந்தாக எண்ணுவது), சங்கீர்ணம் (ஒன்பதாக எண்ணுவது) என்று மனதை ஊன்றி வாசிக்க வேண்டியவற்றை நானே தவிர்க்க ஆரம்பித்தேன். கடைசியில் எந்த ஊருக்குப் போனாலும் அதே நாலைந்து தீர்மானங்கள், அதாவது முடிக்கும் அடுக்குகள். போதையில் கை பழகிய தடத்தில்தான் ஓடும். புதுத் தடம் போட வேண்டுமானால் அடுத்த ஆவர்த்தனத்தை முன்கூட்டியே மனதில் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இப்போதைய ஆவர்த்தனத்தையும் வாசிக்க வேண்டும். குடி முதலில் பிடுங்கிக்கொள்வது இந்த இரட்டைப் பார்வையைத்தான். கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. வேகமாக வாசித்தால் கூட்டம் எப்போதும் கை தட்டும்.

2011 ஆவணியில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் எங்கள் நாயனக்கார (நாதஸ்வரக்கார) அண்ணன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். காபி கொடுத்தார். அவர் மச்சான் மகன் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி வரவேற்பில் நாங்கள் வாசித்ததை செல்போனில் பதிவு செய்திருந்தான். திண்ணையில் போனை வைத்து, "கேளுடா" என்றார்.

அந்த ராத்திரி நான் பிரமாதமாக வாசித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைவில் இருந்தது. பதிவில் கேட்டது வேறு ஒருவனுடைய தவில். சொல் தெளிவில்லை. வலந்தலையில், தவிலின் வலது பக்கத்தில், விழ வேண்டிய தட்டுகள் பாதி காணோம். ஓர் இடத்தில் அண்ணன் மேல் ஸட்ஜத்தை, மேல் 'ஸ'வை, பிடித்து நீளமாக நிற்கிறார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "இங்க ஏண்ணே இவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ வந்து சேரட்டும்னு நின்னேன்."

இன்னோர் இடத்தில் பல்லவி வரியைப் பாதியிலேயே வெட்டியிருந்தார். அதுவும் எனக்காகத்தான். நான் முன்னாலேயே முடித்துவிட்டேன்.

"எத்தனை நாளாண்ணே இப்படி?"

"ஏழெட்டு வருஷமா மறைச்சுக்கிட்டு வர்றேன்டா. எனக்கும் வயசாச்சு. இனிமே மூச்சு நிக்காது."

அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, என் பக்கத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இந்த விஷயத்தில் நான் கற்றதில் பெரியது இதுதான்: குடி கையைக் கெடுப்பதற்கு முன்னால் காதைக் கெடுக்கிறது. நமக்குள் உட்கார்ந்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் முதல் டம்ளரிலேயே தூங்கிவிடுகிறார். அவர் தூங்கின பிறகு எது வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே குடித்துவிட்டு வாசிப்பவன் தன் வாசிப்பைப் பற்றிச் சொல்லும் சாட்சியை எடுத்துக்கொள்ளக் கூடாது. கதை எழுதுகிறவரானாலும் படம் வரைகிறவரானாலும் நான் சொல்லும் முதல் யோசனை இதுவே. போதையில் செய்ததை எறிய வேண்டாம், பத்திரமாக வையுங்கள். இரண்டு நாள் கழித்து, வயிறு நிறைந்து, தூங்கி எழுந்த ஒரு காலையில் எடுத்துப் பாருங்கள். கூடச் சேர்ந்து குடித்தவரிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள். கலையில் உங்களைவிட மூத்த, குடிக்காத ஒருவரிடம் காட்டுங்கள்.

அண்ணன் வீட்டிலிருந்து வந்த அன்றே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். அடுத்து நான் செய்தது ஆபத்தான காரியம், யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். தினமும் அரை பாட்டில் குடித்துக்கொண்டிருந்தவன், யாரிடமும் சொல்லாமல், ஒரு திங்கட்கிழமை முதல் அடியோடு விட்டேன். அன்று ராத்திரியே கை நடுக்கம், வியர்வை. மறுநாள் சாயங்காலம் வலிப்பு வந்து விழுந்தேன். என் மனைவி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் குழம்பும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அங்கே மனநலப் பிரிவு டாக்டர் சொன்னார். பத்து நாள் வார்டில் வைத்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். குடியை விடுவதற்கு மனஉறுதி வேண்டும், சரி. முதல் வாரத்துக்கு டாக்டர் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார் என்று ஒரு பொடியை என் மனைவியிடம் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்திருந்தார். அவள் நல்லவேளையாக டாக்டரிடம் காட்டினாள். அந்த மாதிரிப் பொடிகளில் சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, இதயமே நிற்கும் அபாயம் உண்டு என்றார். அதே மருந்தைத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் கொடுப்பது கூடவே கூடாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், போதைப் பழக்கத்துக்காகவே மத்திய அரசு நடத்தும் உதவி எண் அது. எனக்குப் பெரிய துணையாக இருந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கியது, இன்று நம் ஊர்களிலும் நடக்கிறது. காசு கிடையாது, பெயர் வெளியில் போகாது. என் பக்கத்தில் ஒரு கொத்தனார் உட்காருவார், எதிரே வங்கியில் வேலை பார்த்தவர். கலைஞன் என்பதால் என் குடி தனிக் குடி என்று நினைத்திருந்தேன். அவர்கள் பேசப் பேச, மூன்று பேர் கதையும் ஒரே கதையாக இருந்தது.

நிறுத்தியதும் சங்கீதம் பொங்கி வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. நாலைந்து மாதம் வறட்சி. தவிலைத் தொட்டால் மரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. 'அது இல்லாமல் நமக்கு ஒன்றும் வராதோ' என்ற பயம் ராத்திரி எல்லாம் அரித்தது. இந்த நாலைந்து மாதத்தில்தான் நிறையக் கலைஞர்கள் திரும்பிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். திரும்பிப் போய்க் குடித்ததும் நடுக்கம் நிற்கும், மனசு லேசாகும், 'பார், இதுதான் என் கலைக்கு எண்ணெய்' என்று தோன்றும். அந்த நடுக்கத்தைக் கொண்டுவந்ததே அதுதான் என்பது அப்போது தெரியாது.

வாத்தியார் அப்போது உயிரோடு இல்லை. அவர் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த 'தத்தித்தொம்நம்'மிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். காலையில் ஒரு மணி நேரம், முதல் காலம் என்னும் மெதுவான வேகத்தில் மட்டும். தூக்கம் திரும்பி வர ஆறு மாதம் ஆனது. தூக்கம் வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம்: முந்தின நாள் சாயங்காலம் சிக்கிக்கொண்ட சொல் மறுநாள் காலையில் தானாக வந்தது. பழகியது கையில் படிவது தூக்கத்தில்தான், சாராயம் அந்தத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். அப்படியானால் நான் பதினெட்டு வருஷம் பகலில் பழகியதை ராத்திரியில் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குடிக்காமல் ஏறிய முதல் மேடையில், பத்தொன்பது வயதில் இருந்த அதே பயம் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. அதற்கு நான் ஒருநாளும் முகம் கொடுத்துப் பழகவில்லையே. அண்ணனிடம் சொன்னேன். "முதல் உருப்படிக்கு வெறும் சர்வலகு வாசி. ஒரு தீர்மானமும் வேண்டாம். என் நாயனத்தை மட்டும் கேட்டுக்கிட்டே வா" என்றார். சர்வலகு என்றால் தாளத்தோடு ஒட்டிச் சீராகப் போகும் சாதாரண நடை. செய்தேன். பத்து நிமிஷத்தில் கை சூடாகி, பயம் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. போகவில்லை, உட்கார்ந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு கச்சேரியிலும் அதே முறைதான்.

அப்புறம் சில வருஷம் ஒரு சாக்ஸபோன் வித்வானுக்கு வாசித்தேன். கர்நாடக சங்கீதம் வாசிப்பவர், மேல்நாட்டு ஜாஸும் கேட்பவர். வண்டியில் போகும்போது சார்லி பார்க்கர் என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரரைப் பற்றிச் சொன்னார். பார்க்கர் ஹெராயினுக்கு அடிமை. அவரைப்போல வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு தலைமுறை இளைஞர்கள் அதே ஊசியைப் போட்டுக்கொண்டார்களாம். 1946 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பதிவு. ஹெராயின் கிடைக்காமல் விஸ்கியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பதிவை வித்வான் போட்டுக் காட்டினார். ஜாஸ் எனக்குத் தெரியாது. ஆனாலும் முதல் சில நொடியிலேயே தெரிந்தது, எடுக்க வேண்டிய இடத்தில் அவர் எடுக்கவில்லை, பியானோ காத்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் ஸட்ஜத்தில் நின்றதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று ராத்திரியே பார்க்கரைப் போலீஸ் பிடித்து, பிறகு ஆறு மாதம் மருத்துவமனையில் வைத்தார்கள். அந்தப் பதிவை நிறுவனம் வெளியிட்டதற்காக அவர் கடைசிவரை மனம் நொந்தார். போதையில் நன்றாக வாசிப்பேன் என்று சொல்பவன் பொய் சொல்கிறான் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1955-இல் 34 வயதில் இறந்தபோது, உடலைப் பார்த்த டாக்டர் 50 வயதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டாராம். ஜான் கோல்ட்ரேன் என்று இன்னொரு ஜாஸ் சாக்ஸபோன்காரர். அதே ஹெராயினையும் குடியையும் 1957-இல் விட்டவர். அதன்பிறகு பத்து வருஷம்தான் உயிரோடு இருந்தார். உலகம் அவரைக் கொண்டாடுவது பெரும்பாலும் அந்தப் பத்து வருஷத்து வாசிப்புக்காக.

பையன்கள் விடுவார்களா? "நாயனம் ராஜரத்தினம் பிள்ளை குடிக்கலையா? புல்லாங்குழல் மாலி குடிக்கலையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. குடித்தார்கள்தான். மாலி மேடை ஏறிப் பெயர் வாங்கியது 1933 வாக்கில், ஏழு வயதில். பிள்ளையவர்கள் சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்று, அதையே நாயனத்தில் கொண்டுவந்தவர். ராகத்தை ஆறாகப் பெருக்கும் அந்த ஞானம் பிள்ளைப் பருவத்திலேயே ஏறியது. அது குடிக்கு முந்தியது, குடி பின்னால் வந்தது. மாலி பாதியில் எழுந்துபோன கச்சேரிகளும், வராமலே போன கச்சேரிகளும் ரசிகர்களுக்குத் தெரியும். இருவருமே அறுபதைத் தொடவில்லை. பிள்ளையவர்கள் 1956-இல் 58 வயதில், மாலி 1986-இல் 59 வயதில் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பெயரைக் கேட்டால் என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த மகான்கள் குடியால் வாசித்தார்கள் என்று சொல்வதுதான் அவர்களுடைய சாதகத்துக்கு, அத்தனை வருஷப் பயிற்சிக்கு, செய்யும் அவமரியாதை என்கிறேன்.

என் மகள் மனோதத்துவம் படித்தவள். அவள் எனக்கு எதிராகவும் ஒரு சங்கதி சொன்னாள். சிகாகோவில், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 2012-இல் வெளிவந்தது. மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் சேரும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தேங்காய், பசு, தாய் என்றால் பால் என்பதுபோல. மிதமாகக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிகம் கண்டுபிடித்தார்களாம், வேகமாகவும். உண்மையாக இருக்கும். மனசின் பிடி கொஞ்சம் தளர்ந்தால் தூரத்தில் கிடக்கும் சொல் பக்கத்தில் வந்து நிற்கும், நானே கண்டிருக்கிறேன். ஆனால் அதே தளர்வு எனக்குக் குளத்துப் படிக்கட்டில் விடியற்காலை உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் வருகிறது. வந்த சொல்லை எடுத்து 64-க்குள் அடுக்க வேண்டுமே, அதற்குத் தெளிந்த தலை வேண்டும். அப்புறம் அந்தச் சோதனையில் கொடுத்தது ஓர் அளவு, ஒரு தடவை. பதினெட்டு வருஷம் தினமும் குடித்தவன் மூளையில் என்ன மிஞ்சும் என்பதை அது பார்க்கவில்லை.

கஞ்சாவையும் ஒரு சீசன் பார்த்தேன். இரண்டு தட்டுக்கு நடுவே பெரிய முற்றம்போல இடம் திறந்துகொண்டது. தாளக்காரர் கை வேண்டுமென்றே தாமதிப்பதுபோலத் தோன்றியது. லயத்தையே தொழிலாகக் கொண்டவனுக்கு நேரம் நீள்வதைவிடக் கேடு வேறு இல்லை. இப்போது பையன்கள் வலி மாத்திரை என்று ஏதோ எடுக்கிறார்கள். தோள் வலிக்காகத் தொடங்கி விட முடியாமல் தவிக்கும் ஒருவனை எனக்குத் தெரியும். வலிக்கு டாக்டர் இருக்கிறார்.

தொழிலில் இருப்பவர்களுக்குச் சில கணக்குகள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 60 கிராம். உடம்பு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும். அதாவது ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குடித்த குவார்ட்டர் காலை ஆறு மணி முகூர்த்தத்தில் இன்னும் ரத்தத்தில் இருக்கும். 'தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சுட்டேன்' என்பது உடம்புக்குத் தெரியாது. காபியோ மோரோ தலையில் தண்ணீரோ அதை வேகப்படுத்தாது.

எங்கள் செட்டில் இப்போது அச்சாரம் வாங்கும்போதே நான் பேசிவிடுகிறேன்: எட்டு மணிக்குச் சாப்பாடு, படுக்க மின்விசிறியோடு ஓர் இடம், ராத்திரி இரண்டு மணிக்குச் சுக்குக் காபி. இதைக் கேட்டு வாங்க எனக்கு இருபது வருஷம் ஆனது. பசியும் அசதியும் பாதி போய்விட்டால் பாட்டிலுக்கு இருக்கும் வேலையும் பாதி போய்விடும். காத்திருக்கும் நேரத்தில் தொடையில் தாளம் போட்டு வாய்க்குள் சொற்கட்டு சொல்லச் சொல்கிறேன், இல்லையென்றால் தூங்கச் சொல்கிறேன். சம்பளத்தை விடியற்காலை கையில் கொடுப்பதில்லை. மறுநாள் வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறேன். யாராவது பாட்டிலை நீட்டினால் பொய்க் காரணம் சொல்லாமல், "நிறுத்திட்டேங்க, ஒரு காபி சொல்லுங்க" என்று கும்பிடு போட்டுவிடுவேன். முதல் வருஷம் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது எங்கள் வண்டி வந்து நின்றதும் நாற்காலி கொண்டுவந்து போடும் ஊர்கள் இருக்கின்றன.

நானும் ஒரு தடவை தவறினேன். இரண்டாம் வருஷம், அண்ணன் இறந்த அன்று. மறுநாள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

போன தையில் அந்தப் பழைய நோட்டைப் பையன் ஒருவன் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். நட்சத்திரம் போட்ட பக்கத்தில் நின்றான். "இது நல்லாருக்கு வாத்தியாரே, ஆனா இடிக்குதே" என்றான். "எங்கே இடிக்குதுன்னு நீயே பாரு" என்றேன். தொடையில் தாளம் போட்டு முணுமுணுத்துப் பார்த்தான். மூன்றாம் தடவை, எட்டு முடிந்ததும் கார்வையை விட்டுவிட்டு நேராக 'தா தி கி ண தொம்'முக்குப் போனான். மூன்றாவது 'தொம்' முடிந்ததும் அவன் கை தொடையில் சமத்தைத் தட்டியது. பென்சிலை எடுத்து அந்தக் கடைசி 2-ஐ அடித்துவிட்டு, கூடு மாட்டிக்கொண்டு தவிலை இழுத்தான்.